விடிலி அடுப்பு நெருப்பு: சுடரும் சரியாக வரவில்லை, வெளிச்சம் அதைவிட மோசம்

விடிலிக்காரன் (சாயல்குடி):

எல்லாருக்கும் வணக்கம். 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, ஒரு விடிலி மாதிரி (மாடல்) செய்துகொண்டிருக்கிறேன், நம்ம பக்கத்துப் பனங்காட்டில் பதநீர் காய்ச்சுகிற அதே குடிசைதான். ஓலைக் கூரை, மண் அடுப்பு, அதன் மேல் இரும்புக் கொப்பரை, பக்கத்தில் நின்று துடுப்பால் கிண்டுகிற ஒரு அம்மா, மூலையில் கருப்பட்டி ஊற்ற அடுக்கி வைத்த சிரட்டைகள், வாசலுக்கு அருகே பனைமட்டைக் குவியல். காலை நேரம், கிழக்குப் பார்த்த வாசல் திறந்திருக்கிறது. குடிசையும் ஆளும் ஓரளவு நன்றாகவே வந்திருக்கிறது, நெருப்புதான் எதனோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது.

சுடரை எம்-சீலில் (பிசைந்து வைத்தால் இறுகிவிடும் பசை) உருட்டி, நுனியை இழுத்துச் செய்தேன். உயரம் 4 செ.மீ. இருக்கும். அடியில் சிவப்பு, நடுவில் ஆரஞ்சு, நுனியில் மஞ்சள், கடைசியாக ஓரங்களில் வெள்ளையை டிரை பிரஷ் செய்தேன், அதாவது பெயின்டை ஏறக்குறையத் துடைத்துவிட்ட பிரஷால் மேடுகளில் மட்டும் தடவினேன். கேரட்டைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள், மறுக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி வெளிச்சம். வெளிநாட்டு ஆட்கள் ஓஎஸ்எல் என்று சொல்கிறார்களே, ஒரு விளக்கோ நெருப்போ சுற்றியுள்ள பொருள்களின் மேல் வீசுகிற வெளிச்சத்தைப் பெயின்டிலேயே காட்டுவது, அதை முயன்றேன். ஆரஞ்சை நீர்க்கக் கரைத்து அந்த அம்மாவின் முகம், நீலச் சேலை, கொப்பரையின் பக்கவாட்டு, சுவர் எல்லாவற்றிலும் ஏற்றினேன். வெளிச்சமாகத் தெரியவில்லை, பெயின்ட் சிந்தியதாகத்தான் தெரிகிறது.

கையில் இருப்பது கேம்லின் அக்ரிலிக், நண்பர் கொடுத்த சில வெளிநாட்டுப் பாட்டில்கள். பெயின்டைக் காற்றோடு தூவுகிற ஏர்பிரஷ் கிடையாது. நிறம் எந்த வரிசையில் போக வேண்டும், வெளிச்சம் எவ்வளவு தூரம் போக வேண்டும், இல்லை பேசாமல் உள்ளே ஒரு எல்.இ.டி. வைத்துவிட்டால் இந்த வேலையே தேவையில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தூரிகை_கீழக்கரை:

தம்பி, படம் பார்த்தேன். குடிசை அருமை, அந்த ஓலையை எதில் செய்தீர்கள் என்று தனியாக ஒரு நாள் கேட்க வேண்டும். நெருப்பில் நிறத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மினியேச்சர் பூசிப் பழகிய கை தானாகவே பள்ளத்தில் இருட்டையும் மேட்டில் வெளிச்சத்தையும் வைக்கும். துணி, தோல், கல் எல்லாவற்றுக்கும் அது சரி, அவற்றின் மேல் வெளியிலிருந்து வெளிச்சம் விழுகிறது. நெருப்பின் மேல் யாரும் வெளிச்சம் அடிப்பதில்லை, வெளிச்சமே அதுதான். ஆகவே உள்ளே, கீழே, விறகை ஒட்டிய இடத்தில் வெளிறிய மஞ்சள், கிட்டத்தட்ட வெள்ளை. மேலே போகப் போக நல்ல மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, நுனியில் அந்தச் சிவப்பும் பழுப்பாகிக் கரிந்து புகையில் போய்விட வேண்டும். பள்ளம் மஞ்சள், மேடு சிவப்பு.

காரணம் தெரிந்தால் வரிசை மறக்காது. விறகு நெருப்பின் மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்றால், எரிகிற வாயுவுக்குள் மிதக்கும் பொடிப்பொடிக் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால் வருகிறது. நல்ல சூடாக இருக்கிறவரை மஞ்சள், மேலே ஏறி ஆற ஆற ஆரஞ்சு, சிவப்பு, அதற்கும் மேலே ஒளிர்வது நின்றுபோய் வெறும் கரிப்புகை. கேஸ் அடுப்பில் காற்று முன்கூட்டியே கலந்துவிடுவதால் அந்தக் கரி உண்டாவதே இல்லை, அதனால்தான் அது நீலம். எண்ணெய் விளக்கில் திரியை ஒட்டிக் கொஞ்சம் நீலம் இருக்கும், விறகடுப்புக்கு அதை வைக்கவே வைக்காதீர்கள், கேஸ் கசிகிறதா என்று கேட்பார்கள்.

பூசும்போது முதலில் சுடர் முழுக்க வெள்ளை, மெல்லிசாக இரண்டு மூன்று முறை. மஞ்சள் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மூடும் திறன் குறைவுதான், சாம்பல் நிற எம்-சீல் மேல் நேராகப் போட்டால் சாணிப் பச்சையாகத்தான் தெரியும். வெள்ளைக்கு மேல் மஞ்சளை நீர்க்க ஓட விட்டால் பள்ளத்தில் தங்கும், அடிப்பகுதியில் வெள்ளை தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். அப்புறம் ஆரஞ்சை மேல் பாதியில், மேடுகளில் மட்டும். சிவப்பு அதைவிடக் குறைவாக. கருமையாக்க வேண்டும் என்று மஞ்சளில் கறுப்பைக் கலந்துவிடாதீர்கள், பச்சை தட்டும். மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு வழியாகத்தான் கறுப்புக்குப் போக வேண்டும். நுனியில் மட்டும், பிரஷைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கறுப்பு ஒரு தட்டு.

நம்ம ஊர்க் காற்றில் அக்ரிலிக் பிரஷிலேயே காய்ந்துவிடுகிறது, ஆனி ஆடிக் கச்சான் காற்று வீசும்போது ஜன்னலை மூடினால் வியர்வை, திறந்தால் மணல். டிபன் பாக்ஸ் மூடியில் நனைத்த டிஷ்யூவை மடித்து வைத்து, அதன் மேல் பட்டர் பேப்பரைப் போட்டு, அதில் பெயின்டைக் கலந்தால் மாலைவரை ஈரமாக இருக்கும். மருந்துக் கடை கிளிசரின் ஒரே ஒரு சொட்டு சேர்த்தாலும் காய்வது தாமதமாகும், அதிகமானால் பிசுபிசுப்பு போகாது.

இன்னொன்று, 4 செ.மீ. என்கிறீர்கள். 35-ஆல் பெருக்குங்கள், 140 செ.மீ. ஓலைக் கூரைக்குக் கீழே நெஞ்சளவுக்கு நெருப்பு எரிந்தால் விடிலி அன்றைக்கே காலி. ஒன்றரை செ.மீ. தாண்ட வேண்டாம், அதுவே அரை மீட்டருக்கு மேல். ஒரே முட்டாகவும் செய்யாதீர்கள், நாலைந்து நாக்குகள், வெவ்வேறு உயரம், எல்லாம் ஒரே பக்கம் சாயாமல்.


பனங்காடு (நரிப்பையூர் பக்கம்):

தம்பி, எனக்குப் பெயின்ட் பற்றி ஒன்றும் தெரியாது, என் மகன்தான் இந்த வேலையெல்லாம் செய்வான், அவன் பார்த்துக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆனால் விடிலி தெரியும். எங்கள் அம்மா, ஆச்சி எல்லாம் காய்ச்சியவர்கள், மாசி பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் நானும் அதற்குள்ளேதான் கிடந்தேன்.

நீங்கள் முகத்தில் வெளிச்சம் அடித்திருக்கிறீர்களே, அது எப்படி அங்கே போகும்? கொப்பரை அடுப்பின் மேல் இடுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கும், இடுக்கு விட்டால் சூடு வீணாகப் போகும் என்று மண் வைத்துப் பூசிவிடுவோம். நெருப்பு முழுக்கக் கொப்பரைக்கு அடியில். வெளியே தெரிகிறது அடுப்பு வாய் மட்டும்தான், மட்டையைத் தள்ளுகிற வாய். வெளிச்சம் அந்த வாய் வழியாகத் தரையோடு தரையாக வரும். நிற்கிறவளுக்குக் கணுக்காலிலும் சேலைக் கரையிலும்தான் படும், முகத்துக்கு வருவது ஆவியும் வாசல் வெளிச்சமும்தான். நெருப்பு வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும் என்றால் ஆளை அடுப்பு வாய்க்கு முன்னால் குத்த வையுங்கள், கையில் ஒரு மட்டையைக் கொடுத்து உள்ளே தள்ளுகிற மாதிரி. எப்படியும் எரிக்க ஒரு ஆள் வேண்டும், கிண்டுகிறவளே குனிந்து குனிந்து தள்ளவும் செய்வாள்.

எதை எரிக்கிறீர்கள் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். ஓலையும் பன்னாடையும் போட்டால் குபுகுபுவென்று நீளமாக எரிந்து வாய்க்கு வெளியே நாக்கு நீட்டும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மட்டை நிதானமாக எரியும். சீமைக்கருவேல விறகு என்றால் சுடர் குறைவு, கங்கு அதிகம், சூடு நின்று கொடுக்கும். மூன்றுக்கும் ஒரே மாதிரி நெருப்பு வைத்தால் காய்ச்சினவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கூரையும் உள்பக்கம் புது ஓலை நிறத்திலேயே இருக்கிறது. ஒரு மாசம் காய்ச்சினாலே அடுப்புக்கு நேர் மேலே ஓலை கறுத்துப் பளபளக்கும். கொப்பரை வெளிப்பக்கமும் அட்டக் கரி. நீங்கள் அதில் ஆரஞ்சு பூசியிருக்கிறீர்கள்.


விடிலிக்காரன்:

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு கொப்பரையை எடுத்து வைத்துப் பார்த்தேன், ஆமாம், முகத்துக்கு வழியே இல்லை. நிற்கிற அம்மா அப்படியே இருக்கட்டும், எரிக்கிறதுக்கு ஒரு பெண்ணைக் குத்த வைத்த மாதிரி புதிதாகச் செய்துவிடுகிறேன். சுடர் திரும்ப வெள்ளைக்குப் போய்விட்டது. இப்போது வெளிச்சத்தை எப்படிப் போடுவது என்று யாராவது சொல்லுங்கள், வாசல் வெளிச்சம் வேறு இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று புரியவில்லை.


தொண்டி_72:

நான் 1/72 ஆள், ரெண்டு செ.மீ. மனிதர்கள், ஆனாலும் விதி ஒன்றுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. அறை வெளிச்சத்தில் வெள்ளைப் பெயின்ட் தன்மேல் விழுவதில் 80, 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், மேட் (பளபளப்பில்லாத) கறுப்பு 4, 5 சதவீதம். உங்களிடம் இருக்கிற மொத்த இடமே அவ்வளவுதான், ஏறக்குறைய இருபது மடங்கு. நிஜ அடுப்புக்கும் குடிசை மூலைக்கும் உள்ள வித்தியாசம் இதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். எனவே அந்த இருபதையும் கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டும். உங்கள் சுவர், தரை, சேலை எல்லாம் ஏற்கெனவே நடுத்தர வெளிச்சத்தில் அழகாகப் பூசியிருக்கிறது, அதன் மேல் ஆரஞ்சு போட்டால் அது நிறமாகத்தான் தெரியும். முதலில் உள்ளே எல்லாவற்றையும் இருட்டாக்குங்கள். கஷ்டப்பட்டுப் பூசியதை மூட மனம் வராது, ஆனால் வேறு வழியில்லை. பழுப்பும் கருநீலமும் கலந்து நீர்க்கக் கரைத்து இரண்டு மூன்று பூச்சு. சுடரின் அடியைவிட வெளிறிய இடம் குடிசைக்குள் எங்கேயும் இருக்கக் கூடாது, வெள்ளைச் சிரட்டை, வெள்ளை வேட்டி உட்பட.

எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் தூரம் இரட்டிப்பானால் நாலில் ஒன்றாகும், நாலு மடங்கானால் பதினாறில் ஒன்று. அடுப்பு வாய் புள்ளி இல்லை, அகலமானது, அதனால் மிக அருகில் இவ்வளவு வேகமாகக் குறையாது, தள்ளிப் போனதும் இந்தக் கணக்குக்கு வந்துவிடும். நடைமுறையில் என்ன அர்த்தம் என்றால், வாயிலிருந்து 1 செ.மீ.க்குள் இருப்பதற்கு மஞ்சள், 2 செ.மீ.யில் ஆரஞ்சு, 4 செ.மீ.யில் இருப்பதற்கு மங்கலான செம்பழுப்பு ஒரு சாயல், அதற்கு அப்பால் ஒன்றும் வேண்டாம். நீங்கள் சுவர் முழுக்க ஒரே அளவில் ஏற்றியிருந்தீர்கள், தூரம் தெரியாததற்கு அதுதான் காரணம்.

திசையையும் பாருங்கள். நெருப்பைப் பார்த்து நிற்கிற பக்கத்தில் மட்டும்தான் வெளிச்சம். குத்த வைத்த பெண்ணுக்கு வெளிச்சம் கீழேயிருந்து வருகிறது, அதனால் தாடையின் அடி, மூக்கின் அடி, புருவ எலும்பின் கீழ்ப்பக்கம், முழங்காலின் உள்பக்கம், உள்ளங்கை இவை ஒளிரும். வழக்கமாக நாம் வெளிச்சம் வைக்கிற நெற்றி, மூக்குத் தண்டு, தோள்பட்டை எல்லாம் இருட்டு. முகம் முதலில் பார்க்க விநோதமாக இருக்கும், நம்பிப் பூசுங்கள். கையில் இருக்கிற மட்டை முழங்காலில் நிழல் போடும், அந்த நிழலின் ஓரம் கத்தி வெட்டாக இருக்கட்டும். வெளிச்சம் தூரத்தால் மங்கும்போதுதான் ஓரம் கரைய வேண்டும், ஒரு பொருள் மறித்தால் ஓரம் கூர்மையாக நிற்க வேண்டும். எல்லா ஓரத்தையும் புகைமூட்டமாக விடுவதால்தான் பல பேருடைய வேலை வெளிச்சமாகத் தெரியாமல் போகிறது.

நீலச் சேலை. நெருப்பு வெளிச்சத்தில் நீலம் ரொம்பக் குறைவு, நீலத் துணியோ நீலத்தைத்தான் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்ப அங்கே ஒன்றும் இல்லாததால் நீலச் சேலை நெருப்புப் பக்கத்தில் அழுக்குச் சாம்பலாக, கருப்பழுப்பாகத்தான் தெரியும். அதில் பளிச்சென்ற ஆரஞ்சு போட்டால் கண் ஏற்காது. சிவப்புச் சேலை என்றால் தகதகக்கும், வெள்ளைத் துணி நெருப்பின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும். குத்த வைக்கிற பெண்ணுக்குச் சிவப்போ காவியோ உடுத்திவிடுங்கள், பாதி வேலை மிச்சம். நம்ம ஆட்களின் கறுத்த தோலுக்கு ஆரஞ்சு நன்றாகப் பிடிக்கும், செம்பு நிறத்தில் ஒரு கோடு இழுத்தாலே போதும்.

வாசல் வெளிச்சம் இருப்பது நல்லதுதான், இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால். பகல் வெளிச்சம் நெருப்போடு ஒப்பிட்டால் நீலம் கலந்தது. நிற்கிற அம்மாவின் வாசல் பக்கத்துக் கன்னம், தோள், கொப்பரை விளிம்பு இவற்றில் குளிர்ந்த சாம்பல் நீலத்தில் வெளிச்சம். குத்த வைத்த பெண்ணின் முகத்தில் நெருப்பு, முதுகில் வாசல் வெளிச்சம் மெல்லிய ஓரமாக. நெருப்பு மறைந்த நிழல் நீலச் சாயலில் இருக்கும், வாசல் மறைந்த நிழல் செம்பழுப்பாக இருக்கும். ஆனால் வாசலை அடக்கி வையுங்கள். வெட்டவெளியில் உச்சி வெயிலில் ஓலை எரிந்தால் சுடரே சரியாகக் கண்ணில் படாது, சூட்டில் காற்று நெளிவதுதான் தெரியும். வாசலைப் பளிச்சென்று திறந்துவிட்டால் உங்கள் நெருப்புக்கு வேலை இல்லை. பொழுது விடிகிற நேரம் என்றோ, வாசலில் பாதி ஓலைத் தட்டி சாத்தியிருக்கிறது என்றோ வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் மனதில் கணக்குப் போட வேண்டியதில்லை. பூசுவதற்கு முன்பு அடுப்புக்குள் ஒரு சின்ன எல்.இ.டி. வைத்து, அதன் மேல் ஆரஞ்சு மிட்டாய்க் காகிதம் சுற்றி, அறையை இருட்டாக்கி, பார்க்கிறவர் எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பாரோ அங்கிருந்து போனில் படம் எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் போன் ஆரஞ்சைத் திருத்தி வெள்ளையாக்கிவிடும், பகல் வெளிச்சம் என்று மாற்றிக்கொண்டு, எக்ஸ்போஷரைக் குறைத்துப் பூட்டிவிட்டு எடுங்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பூசினால் போதும்.

ஏர்பிரஷ் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். பெயின்டை நன்றாகத் தண்ணீராக்கி, பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டு, எப்போதும் நெருப்பை நோக்கி இழுங்கள். இழுப்பு முடிகிற இடத்தில்தான் நிறம் அதிகம் தங்கும், அது நெருப்புப் பக்கமாக அமைய வேண்டும். முதலில் செம்பழுப்பு அகலமாக, அது காய்ந்த பிறகு அதற்குள் ஆரஞ்சு, அதற்கும் உள்ளே மஞ்சள். அடுப்பு வாயின் விளிம்பில் மட்டும் ஒரு வெளிர் மஞ்சள் கோடு.


பாம்பன்காற்று:

இவ்வளவு பாடு எதற்கு? எல்.இ.டி. வையுங்கள். மினுங்குகிற எல்.இ.டி.யே தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. மஞ்சள், ஆரஞ்சு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் பக்கம் போதும், 3 வோல்ட் பட்டன் செல்லோடு ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டால் பாதுகாப்பு. பட்டன் செல் விடாமல் எரித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும், அடித்தளத்துக்குள் இரண்டு பென்சில் செல் வைக்க இடம் விட்டால் நிம்மதி. வார்ம் ஒயிட் எல்.இ.டி. கூட நெருப்பைவிட வெள்ளைதான், 2700 கெல்வின் என்று போட்டிருப்பான், விறகு நெருப்பு, மெழுகுவத்தி எல்லாம் 1900 பக்கம். அதன் மேல் கண்ணாடிப் பெயின்டில் ஆரஞ்சு ஒரு பூச்சு கொடுங்கள்.

சுடருக்கு எம்-சீல் வேண்டாம், வெளிச்சம் ஊடுருவாது. ஹாட் க்ளூவை சிலிக்கான் பாய் மேல் ஊற்றி, இறுகுவதற்குள் குச்சியால் இழுத்தால் நாக்கு நாக்காக வரும். அடியில் எல்.இ.டி. நிழல் எங்கே விழ வேண்டும் என்று நீங்கள் கணக்குப் போடவே வேண்டாம், தானாக விழும்.


தூரிகை_கீழக்கரை:

பாம்பன்காரரோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் நிழல் தானாக விழுவது அறையை இருட்டாக்கினால்தான். கண்காட்சி மேஜையில் மேலே டியூப் லைட் எரியும், அங்கே அந்த எல்.இ.டி. ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். பெயின்டில் பூசிய வெளிச்சத்துக்கு எதிர்ப் பிரச்சினை: அறை வெளிச்சத்தில்தான் அது உயிரோடு இருக்கும், இருட்டில் ஒன்றும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் எல்.இ.டி. எரியும்போது எங்கே வெளிச்சம் விழுகிறதோ அதே இடத்தில்தான் பெயின்டும் இருக்க வேண்டும், கொஞ்சம் விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். என் கட்சி பெயின்ட் மட்டும். பேட்டரி தீராது, ஒயர் உப்புக் காற்றில் பச்சை பூக்காது.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஜார்ஜ் தெ லா தூர் என்று ஒரு ஓவியர், மெழுகுவத்தி வெளிச்சத்தை வரைந்தே பெயர் வாங்கியவர். பாரிஸ் லூவ்ரில் இருக்கிற அவருடைய தச்சர் யோசேப்பு படத்தை நெட்டில் பெரிதாக்கிப் பாருங்கள். சிறுவன் இயேசு சுடருக்கு முன்னால் கையை வைத்திருப்பான், விரல்களின் ஊடாக வெளிச்சம் சிவப்பாகக் கசியும். சுடரைவிட அந்த விரல்தான் நெருப்பை நம்ப வைக்கிறது. குத்த வைக்கிற பெண்ணின் ஒரு கை அடுப்பு வாய்க்கும் நமக்கும் நடுவே வருகிற மாதிரி வைத்து, விரல் இடுக்குகளில் மட்டும் ஆழ்ந்த சிவப்பு வைத்துப் பாருங்கள்.

ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு பற்றி யாரும் சொல்லவில்லை. சாதாரண ஆரஞ்சோடு துளி கலந்தால் தூக்கிக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் அந்த நிறம் வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிவிடும், நம்ம ஊர் வெயில் வரும் ஜன்னலோரம் வைத்தால் இன்னும் சீக்கிரம். வேண்டுமென்றால் சுடரில் மட்டும், அதுவும் சாதாரண ஆரஞ்சுக்கு மேலே.


விடிலிக்காரன்:

எல்.இ.டி. வைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன், தொண்டி அண்ணே சொன்னது அப்படியே. வாய்க்கு முன்னால் தரையில் ஒரு விசிறி வடிவம், பெண்ணின் தாடையும் முழங்காலும், கொப்பரை அடி விளிம்பில் ஒரு கீற்று, மீதி எல்லாம் இருட்டு. நிற்கிற அம்மாவுக்குச் சேலைக் கரை மட்டும். நான் முதலில் ஆரஞ்சு பூசிய இடத்தில் முக்கால்வாசிக்கு வெளிச்சமே போகவில்லை. பாம்பன் அண்ணே, எல்.இ.டி.யைச் சோதனைக்கு வைத்ததோடு எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு சந்தேகம் மிச்சம். கங்கு எப்படிப் பூசுவது? சுடர் அளவைக் குறைத்ததும் அடுப்புக்குள் கங்குதான் நிறையத் தெரிகிறது. அப்புறம் வார்னிஷ், மேட்டா பளபளப்பா?


தொண்டி_72:

கங்கும் தலைகீழ்தான். அடுப்புப் படுகை முழுக்க வெள்ளை, அதன் மேல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நீர்க்க விட்டு, காய்ந்ததும் கறுப்பை டிரை பிரஷ் செய்யுங்கள். மேடெல்லாம் கரியாகி, இடுக்கில் மட்டும் கங்கு நிற்கும். கடைசியாக வெளிர் சாம்பல் மிக மெல்லிசாக முனைகளில், அது நீறு. வாய்ப்பக்கம் காற்று படுகிற இடத்தில் மஞ்சள் அதிகம், உள்ளே போகப் போகச் சிவப்பு. அளவுக்கு நிஜக் கரியையே பொடித்துப் போடலாம், நம்ம மாவட்டத்தில் கரிமூட்டத்துக்கா பஞ்சம், ஆனால் முதலில் நீர்த்த பெவிகாலில் ஒட்டிக் காய வைத்துவிட்டுப் பூசுங்கள், இல்லாவிட்டால் கரி கரைந்து மஞ்சளைக் கெடுக்கும்.


பனங்காடு:

கங்கு வாயில் மட்டும் இருக்காது தம்பி, தள்ளின மட்டையின் நுனி எரிந்துகொண்டிருக்கும், அடி பச்சையாகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கறுத்த ஒரு பட்டை. கொப்பரையில் பதநீர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆரம்பத்தில் வெள்ளை நுரை பொங்கும், பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்குக் கொட்டையை நசுக்கிப் போடுவோம். கடைசியில் பாகு கறுத்து, கொப்புளம் பெரிது பெரிதாக வெடிக்கும், அப்போது நெருப்பைக் குறைத்துவிடுவோம். சிரட்டை அடுக்கித் தயாராக வைத்திருக்கிறீர்கள் என்றால் கடைசிப் பதம், அப்படியானால் சுடர் பெரிதாக வேண்டாம், கங்கே போதும். நுரை காட்டினால் ஓலை போட்டு எரிக்கலாம்.


தூரிகை_கீழக்கரை:

அக்கா சொன்னதைக் கேளுங்கள், சிரட்டையை ஓரமாகக் கவிழ்த்து அடுக்கிவிட்டு நுரைப் பதம் வையுங்கள், சுடர் உங்களுக்கு வேண்டும் அல்லவா.

வார்னிஷ்: முழுக்க மேட். சுடருக்கும் மேட்தான், பளபளத்தால் அறை விளக்கு அதில் பிரதிபலித்துப் பிளாஸ்டிக் என்று காட்டிவிடும். கூரையின் கறுத்த உள்பக்கத்துக்கும் பாகுக்கும் மட்டும் சாட்டின், அதாவது அரைப் பளபளப்பு. ஸ்ப்ரே டப்பா என்றால் ஈரக்காற்று அடிக்கிற மாலையில் அடிக்காதீர்கள், மேட் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும், இருட்டாக்கி வைத்த மூலையெல்லாம் பால் தெளித்ததாகிவிடும். வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணி வாக்கில், காற்று மறைவில், முதலில் ஒரு பழைய ஆளின் மேல் அடித்துப் பார்த்துவிட்டு. பிரஷால் பூசுகிற வார்னிஷ் கிடைத்தால் அதையே வாங்குங்கள், இந்தக் கடற்கரையில் அதுதான் தொல்லை இல்லாதது.